கை மாறும் நம்பிக்கை: குழந்தை மழலையர் பள்ளியில் சேரும் நாள் எது?

மழலையர் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி விவரம், ஒவ்வாமை ஏதும் உண்டா, மாலையில் அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர் யார் என்று பல கட்டங்கள் இருக்கும். சேர்க்கை நாள் என்றும் ஒரு கட்டம் இருக்கும். பெற்றோர் அதில் எழுதும் தேதி பள்ளியின் பதிவேட்டுக்கு உரியது. குழந்தைக்கு அந்தத் தேதி தெரியாது. குழந்தை உண்மையில் சேரும் நாள் அதற்குச் சில வாரங்கள் கழித்து வருகிறது. விளையாடும்போது விழுந்து முட்டி சிராய்ந்ததும், வாசலைப் பார்த்து அம்மாவைத் தேடாமல், பக்கத்தில் இருக்கும் ஆசிரியையிடம் ஓடி, அவர் மடியில் முகம் புதைத்து அழுது, சற்று நேரத்தில் ஓய்ந்து, மறுபடி விளையாடப் போகிறதே, அந்த நாள்தான் அது.

இந்த இரண்டு நாள்களுக்கும் இடையில் என்ன நடக்கிறது, சில குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் முடிவது மற்றவர்களுக்கு ஏன் மாதக் கணக்கில் நீள்கிறது, பெரியவர்கள் செய்வதில் எது அதைச் சுருக்குகிறது, எது இழுத்தடிக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். பள்ளி தேடும் பெற்றோர் பாடத்திட்டம், கற்பிக்கும் மொழி, கட்டடம், வண்டி வசதி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள். எல்லாம் விசாரிக்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது: என் குழந்தை அழும்போது அதைத் தூக்கிக்கொள்ளப் போகிறவர் யார்? "எங்கள் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது இதற்குப் பதிலாகாது. ஓர் ஆளின் பெயர் பதிலாக வர வேண்டும்.

இரண்டு தேவைகளில் பிறந்த பள்ளி

இந்தக் கேள்வி பின்னுக்குப் போனதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளி என்ற எண்ணம் பரவத் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. அது வேறுபட்ட இரண்டு தேவைகளிலிருந்து முளைத்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பகல் நேரத்தில் காப்பது ஒன்று. சிறு குழந்தைக்கே உரிய கற்றல் முறை உண்டு என்று நம்பி அதற்கு ஓர் இடம் அமைத்துத் தருவது மற்றொன்று.

1816-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் தம் பஞ்சாலையை ஒட்டி ராபர்ட் ஓவன் திறந்த கல்விக்கூடத்தில், நடக்கப் பழகிய சிறு குழந்தைகளுக்கும் இடம் இருந்தது. அவர்களுக்கு ஆசிரியராக ஓவன் தேர்ந்தெடுத்தவர் ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளர். அவர் அதிகம் படித்தவர் இல்லை. குழந்தைகள்மீது அன்பும் அளவற்ற பொறுமையும் உள்ளவர் என்பதே அவரிடம் ஓவன் கண்ட தகுதி. எக்காரணம் கொண்டும் குழந்தையை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, புத்தகங்களைக் கொண்டு அவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பவை அவருக்கு இடப்பட்ட கட்டளைகள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலை முதலாளி கையில் வைத்திருந்த இந்த அளவுகோல், இன்று பல பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் காணப்படுவதைவிடக் குழந்தைக்கு நெருக்கமானது என்றே நான் கருதுகிறேன்.

ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் இரண்டாவது தேவையிலிருந்து தொடங்கினார். பிறந்த ஒன்பதாம் மாதத்தில் தாயை இழந்தவர் அவர். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய முயற்சிக்கு 1840-இல் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். பந்து, மரக்கட்டை, காகிதம், பாட்டு, செடி வளர்ப்பு ஆகியவற்றின் வழியாகவே சிறு குழந்தை உலகத்தைப் புரிந்துகொள்கிறது என்பது அவர் கொள்கை. இப்பள்ளிகள் நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றன என்று அன்றைய பிரஷ்ய அரசு ஐயுற்றது. 1851-இல் இப்பள்ளிகளைத் தடை செய்தது. மறு ஆண்டே ஃபிரோபெல் இறந்துபோனார். தடை 1860-இல்தான் நீங்கியது. அதற்குள் அவரிடம் பயின்ற பெண்கள் பல நாடுகளுக்கு இந்தப் பள்ளியைக் கொண்டு போயிருந்தார்கள்.

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லத்'தில் இவ்விரு தேவைகளும் ஒரே கூரையின்கீழ் சந்தித்தன. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் குடியிருப்பின் சுவர்களையும் படிகளையும் பாழாக்காமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கட்டடத்தைச் சீரமைத்தவர்களின் கவலை. மருத்துவரான மாண்டிசோரிக்கோ அந்த ஐம்பது குழந்தைகள் எதில் தாமாக மனம் ஊன்றுகிறார்கள் என்று பொறுமையாகக் கவனிக்க அது ஒரு வாய்ப்பாக அமைந்தது.

காப்பகமா, பள்ளியா என்ற இந்த இரட்டைத் தன்மை இன்றும் நீங்கவில்லை. காப்பது தாழ்ந்த வேலை என்றும் கற்பிப்பது உயர்ந்த வேலை என்றும் ஒரு வரிசை பெற்றோர் மனத்திலும் பள்ளிகளின் மனத்திலும் எப்படியோ படிந்துவிட்டது. அதனால்தான் தூக்கிக்கொள்கிறவர் யார் என்பதைவிட எழுத்து எப்போது தொடங்கும் என்ற கேள்வி முதலில் வருகிறது. இரண்டரை வயதில் இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது. பயந்திருக்கும் குழந்தை எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, கேட்பதில்லை, பேசுவதில்லை. கையெட்டும் தூரத்தில் நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவர் இருக்கும்போதுதான் அது நாலடி தள்ளிப் போய் ஆராயத் தொடங்குகிறது.

அழுகை சொல்வது, அமைதி மறைப்பது

இதை முறையாக விளக்கியவர்கள் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தும். பச்சிளங்குழந்தை தன்னைப் பேணும் ஒருவரிடமோ சிலரிடமோ கொள்ளும் பற்று, பசி தீர்வதற்காக மட்டும் உண்டாவது இல்லை. ஆபத்தில் ஓடிச் சேர ஓர் இடம் வேண்டும் என்ற உயிரியல் தேவையிலிருந்து எழுவது என்பது பௌல்பியின் வாதம். ஐன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்கள் வீட்டிலேயே பல மாதங்கள் கவனித்து, அந்தப் பற்று உறுதியாக இருக்கும் குழந்தை தாயைத் தளமாகக் கொண்டு சுற்றுப்புறத்தை ஆராய்வதை எழுதிவைத்தார். பிரிவுப் பதற்றம் பொதுவாக எட்டு மாதம் அளவில் தலைகாட்டி, ஒன்றரை வயதை ஒட்டிய காலத்தில் உச்சத்தில் இருந்து, மூன்று வயதை நெருங்கும்போது தணியத் தொடங்குகிறது. ஆகவே பள்ளி வாசலில் கேட்கும் அழுகை அடத்தின் அடையாளம் இல்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் விளைவும் இல்லை. ஓடிச் சேரும் இடம் கண்ணிலிருந்து மறைகிறது, மாற்று இடம் இன்னும் அமையவில்லை என்ற செய்திதான் அது.

அழுகையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது அழுகை நின்ற பிறகு வரும் அமைதியை. பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், 1940-களின் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் மருத்துவமனைகளில், பெற்றோரைப் பார்க்க மிகக் குறைவாகவே அனுமதிக்கப்பட்ட சிறு குழந்தைகளைக் கவனித்தார். அவர்கள் முதலில் எதிர்த்து அழுதார்கள், பிறகு சோர்ந்து அடங்கினார்கள், அதன்பின் ஒட்டுதலே இல்லாதவர்களைப் போல ஆனார்கள். செவிலியர்கள் இரண்டாம் கட்டத்தைப் பார்த்துக் குழந்தை பழகிவிட்டது என்று எண்ணினார்கள். ராபர்ட்சன் காட்டியது, அது பழக்கம் இல்லை, நம்பிக்கை இழப்பு என்பதை. மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றி 1959-இல் பிரிட்டனில் வெளியான பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததற்குப் பின்னே இத்தகைய பதிவுகளின் பங்கு பெரிது. ஒரு காலைப் பொழுது மட்டும் நடக்கும் மழலையர் பள்ளியை நாள்கணக்கில் நீளும் மருத்துவமனைப் பிரிவோடு ஒப்பிடுவது மிகையாகும். என்றாலும் அங்கே கிடைத்த பாடம் இங்கும் பொருந்தும்: சத்தம் இல்லாத குழந்தை எல்லாம் சமாதானமான குழந்தை ஆகிவிடாது.

உடல் சொல்லும் சாட்சியும் இதையே உறுதி செய்கிறது. லீசலாட்டே ஆனெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் பெர்லினில் காப்பகத்தில் சேர்ந்த 70 குழந்தைகளை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்போது அந்தக் குழந்தைகளுக்கு வயது 15 மாதம். தாய் விட்டுச் சென்ற முதல் ஒரு மணி நேரத்தில் அவர்கள் உமிழ்நீரில் இருந்த கார்டிசோல் என்ற மன அழுத்த இயக்குநீரின் அளவு, வீட்டில் இருந்ததைவிட 75 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு அது பெருமளவு இறங்கியிருந்தாலும் வீட்டின் அளவுக்கு முழுமையாகத் திரும்பவில்லை. அந்த ஆய்வில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது வேறொன்று. தாய் கூடவே இருந்த அறிமுக நாள்களில், தாயோடு உறுதியான பற்றுக் கொண்ட குழந்தைகளின் கார்டிசோல் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. புதிய இடத்தை அஞ்சாமல் பார்க்க ஒரு குழந்தைக்குத் தேவையானது பழைய ஆள். அவர் மடியில் இருந்துகொண்டேதான் அது புதிய ஆளையும் பார்த்துப் பழகுகிறது.

மூன்று நாள், பிறகு சில நிமிடங்கள்

இந்த அறிவை நடைமுறையாக்கிய வழிகளில் விரிவாக வகுக்கப்பட்டது, 1980-களில் ஜெர்மனியில் உருவான பெர்லின் பழக்குமுறை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது அது. முதல் மூன்று நாள்கள் தாயோ தந்தையோ குழந்தையோடு வந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதே அறையில் இருந்து, அதனோடேயே வீடு திரும்புகிறார்கள். அந்த நாள்களில் பிரிவு என்ற பேச்சே இல்லை. பெற்றோர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். விளையாடக் கூப்பிடுவதும் இல்லை, போய் விளையாடு என்று தள்ளிவிடுவதும் இல்லை. குறிப்பிட்ட ஓர் ஆசிரியை மட்டும், குழந்தை விரும்பும் அளவுக்கு, மெல்ல அதன் விளையாட்டில் கலந்துகொள்கிறார்.

நான்காம் நாள் பெற்றோர் விடைபெற்று அறையை விட்டு வெளியே போகிறார், ஆனால் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார். குழந்தை அழுது, ஆசிரியையால் தேற்ற முடியாமல் போனால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே அவர் திரும்பி வருகிறார். தேறிக்கொண்டால் பிரிவு அதிகபட்சம் அரை மணி நேரம் வரை நீள்கிறது. அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் பிரிவைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஒரு விதி அந்த முறையில் உண்டு. இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு அறையும் ஆளும் குழந்தைக்கு மீண்டும் பாதி புதிதாகிவிடுகின்றன என்பது அதற்குக் காரணம். இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்களே என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

முதல் பிரிவில் குழந்தை நடந்துகொண்டதைப் பார்த்தே அடுத்த நாள்களின் வேகம் முடிவாகிறது. சிலருக்கு மொத்தம் ஆறு நாள் போதும். சிலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். எப்போது இது நிறைவு பெறுகிறது என்பதற்கு அந்த முறை வைத்திருக்கும் அளவுகோல், இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன காட்சிதான்: விட்டுப் போகும்போது குழந்தை அழலாம், ஆனால் துயரம் வந்தால் ஆசிரியையிடம் ஆறுதல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நாள் வேலைக்கு விடுப்பு எடுக்க எல்லாப் பெற்றோராலும் இயலாது. எல்லாப் பள்ளிகளும் பெற்றோரை வகுப்பறைக்குள் அனுமதிப்பதும் இல்லை. முழு முறையும் கைகூடாவிட்டாலும் அதன் உட்கருத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழிகள் உண்டு. சேர்க்கைக்கு முந்தைய வாரத்தில் ஓய்ந்த ஒரு மாலை நேரத்தில் குழந்தையுடன் சென்று அந்த ஆசிரியையோடு அரை மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். முதல் வாரத்தில் முழு நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் மட்டும் விட அனுமதி கேட்கலாம். தாயால் முடியாதபோது தந்தையோ தாத்தாவோ பாட்டியோ கூட இருக்கலாம். குழந்தையின் மனம் ஒட்டியிருக்கும் ஆளாக இருந்தால் போதும். இவற்றில் எதற்குமே இடம் தராத பள்ளி, "ஒரு வாரம் அழுதால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லும் பள்ளி, எவ்வளவு அழகான கட்டடத்தில் இருந்தாலும் நான் தயங்குவேன்.

விடைபெறுதல்

பெற்றோர் செய்யும் பிழைகளில் மிகப் பரவலானது, குழந்தை ஒரு பொம்மையில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவது. அன்றைய அழுகையைக் காதால் கேட்காமல் தப்பித்துவிடலாம் என்பதால் இது அன்பின் பெயராலேயே நடக்கிறது. ஆனால் குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்வது, விளையாட்டில் மனம் ஊன்றினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்பதை. மறுநாள் முதல் அது பொம்மையைத் தொடாது. புடவைத் தலைப்பையோ சட்டை நுனியையோ பிடித்துக்கொண்டு காவல் இருக்கும். வீட்டிலும் தாய் அடுத்த அறைக்குப் போனால் பின்னாலேயே ஓடும். ஆகவே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்; அழுதாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

சொல்வது சுருக்கமாகவும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரியாகவும் இருப்பது நல்லது. கட்டிக்கொண்டு, ஒரு முத்தம் கொடுத்து, எப்போது வருவோம் என்பதைக் குழந்தைக்குப் புரியும் அடையாளத்தால் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். நான்கு மணி என்பது மூன்று வயதில் வெறும் சத்தம். தூங்கி எழுந்து, முகம் கழுவி, பை மாட்டியதும் அப்பா வந்து நிற்பேன் என்பது பொருள் உள்ள வாக்கு. வாக்குக் கொடுத்த பிறகு அந்த நேரத்தில் வந்து நிற்பது எல்லாவற்றையும்விட முக்கியம்; மற்றக் குழந்தைகள் எல்லாரும் போன பிறகு காலியான அறையில் காத்திருக்கும் பத்து நிமிடம், பெரியவர்களின் பத்து நிமிடம் இல்லை. போய்விட்டு, மனம் கேட்காமல் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பதும், மறுபடி போவதும் குழந்தைக்கு ஒரே பிரிவை இரண்டு முறை தருகின்றன.

வீட்டிலிருந்து ஒரு துணியோ பொம்மையோ கொண்டுவர அனுமதிக்கும் பள்ளிகள் ஒரு நல்ல காரியம் செய்கின்றன. குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1950-களின் தொடக்கத்தில் இதற்கு இடைநிலைப் பொருள் என்று பெயர் கொடுத்தார். பழந்துணியின் மணத்தில் வீடு இருக்கிறது. அதைத் துவைத்துப் புதிதாக்கி அனுப்பினால் பயன் பாதி போய்விடும்.

எந்த வயது, என்ன தகுதி

எந்த வயதில் சேர்ப்பது என்ற கேள்விக்கு உலகம் ஒரே பதிலைத் தரவில்லை. பிரான்ஸ் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பின்லாந்தில் முறையான பள்ளி ஏழு வயதை எட்டும் ஆண்டில்தான் தொடங்குகிறது. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் படித்து முன்னேறத்தான் செய்கிறார்கள். மூன்று வயதை ஒட்டிய காலத்தில் பல குழந்தைகளுக்குப் பேச்சு வந்துவிடுகிறது, பிரிவைத் தாங்கும் வலு கூடுகிறது, பிற குழந்தைகளின் அருகே விளையாடுவது மாறி அவர்களோடு சேர்ந்து விளையாடும் ஆசை முளைக்கிறது. அதற்கு முன்னரே சேர்க்க வேண்டிய சூழல் உள்ள குடும்பங்கள் ஏராளம். அவர்கள் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த தேசிய ஆய்வில், வீட்டுக்கு வெளியே பராமரிக்கப்பட்டதா இல்லையா என்பதைவிடக் குடும்பத்தின் தன்மையே குழந்தையின் வளர்ச்சியோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. பராமரிப்பின் தரம் உயர்ந்த இடங்களில் மொழியும் சிந்தனையும் சற்று மேம்பட்டிருந்தன. மிக நீண்ட நேரம் காப்பகங்களில் இருந்தவர்களிடம் நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. இரண்டு விளைவுகளும் சிறியவையே.

ஒரே வகுப்பில் வயதில் மிக மூத்த குழந்தையும் மிக இளைய குழந்தையும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது. மூன்று வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. செப்டம்பர் 1-ஐ வயது வரம்பாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், வகுப்பில் மிக இளையவர்களான ஆகஸ்ட் மாதக் குழந்தைகளுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்படுவது, மிக மூத்தவர்களான செப்டம்பர் மாதக் குழந்தைகளைவிட 34 சதவீதம் அதிகமாக இருந்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெறும் இளமை குறையாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தக் குழந்தை உட்காரவில்லை, அந்தக் குழந்தை பேசுகிறது, நம் குழந்தை பேசவில்லை என்று ஒப்பிடும் முன் பிறந்த மாதங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கழிப்பறைப் பழக்கம் பல பள்ளிகளில் நிபந்தனையாக இருக்கிறது. பகலில் நனைக்காமல் இருக்கும் பக்குவம் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் வருகிறது. சேர்க்கைக்காக அவசரப்படுத்திப் பழக்கினால் பள்ளிப் பதற்றமும் அதோடு சேர்ந்து, கழிப்பறைப் பழக்கம், பள்ளிப் பழக்கம் இரண்டுமே பின்வாங்கும். நன்றாகப் பழகியிருந்த குழந்தைகூட முதல் வாரங்களில் நனைத்துக்கொள்ளலாம். மாற்று உடை இரண்டு செட் பையில் இருக்கட்டும், அதைப் பற்றிய பேச்சு வேண்டாம்.

வீட்டு மொழி ஒன்றும் பள்ளி மொழி வேறொன்றுமாக இருக்கும் குழந்தை சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள்கூட, பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். அந்த நேரத்தில் அது கேட்டுச் சேமித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்வதாக எண்ணிப் பெற்றோர் வீட்டு மொழியைக் கைவிடுவது வருந்தத்தக்க பிழை. ஆறுதல் சொல்லும் மொழியைப் பறித்துக்கொண்டு புதிய இடத்தைச் சமாளி என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

நல்ல பள்ளி என்பதை எதைக் கொண்டு அறிவது

மழலையர் பள்ளியால் பிற்கால வாழ்வு உயரும் என்ற பேச்சுக்கு அடித்தளமாகக் காட்டப்படுவது, 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி நகரில் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு. வறுமையில் இருந்த 123 கறுப்பினக் குழந்தைகளில் 58 பேர் பள்ளிக்குச் சென்றார்கள், 65 பேர் செல்லவில்லை. நாற்பது வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்ததில், சென்றவர்களின் வருமானம் கூடுதலாகவும் கைதான எண்ணிக்கை குறைவாகவும் இருந்தன. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இதைத் தம் கணக்குகளால் உலகறியச் செய்தார். ஆனால் டென்னசி மாநிலத்தில் 2,990 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் 2022-ஆம் ஆண்டு முடிவுகள் நேர் எதிராக இருந்தன. இலவச முன்பருவ வகுப்பில் இடம் கிடைத்தவர்கள் தொடக்கத்தில் முன்னே இருந்தாலும், ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்காதவர்களைவிடத் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைகளுக்கும் அதிகமாக உள்ளாகியிருந்தார்கள்.

மழலையர் பள்ளி என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வேறுபட்ட காலைப் பொழுதுகள் இருக்கின்றன என்பதையே இந்த முரண் காட்டுகிறது. பெர்ரியில் ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். பள்ளி நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் மட்டும் நடந்தது. குழந்தைகள் தாமே வேலையைத் திட்டமிட்டுச் செய்து பார்த்தார்கள். ஆசிரியர் வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் சென்று வந்தார். இந்த வீட்டு வருகையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பள்ளியில் குழந்தையைத் தூக்குகிறவர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேசுகிறவராக இருந்தால், குழந்தையின் கண்ணில் அவர் அந்நியர் இல்லை. எண்ணிக்கையும் இதே காரணத்துக்காகத்தான் முக்கியம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பிற அமைப்புகளும் சேர்ந்து வெளியிடும் வழிகாட்டு நெறிகள், இரண்டு வயதினருக்கு நான்கு பேருக்கு ஒருவர், மூன்று வயதினருக்கு ஏழு பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கின்றன. இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்றால், அவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும் ஒரே நேரத்தில் மூன்று பேர் அழும்போது இருவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

எனவே பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் விழா நாளில் போகாமல் சாதாரண நாளில், வகுப்பு நடக்கும் நேரத்தில் அனுமதி பெற்றுப் போக வேண்டும். அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும். பெரியவர்கள் குழந்தைகளின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார்களா, நின்றபடியே கட்டளை இடுகிறார்களா? ஒரு குழந்தை ஏதோ சொல்ல வரும்போது முடிக்கும் வரை கேட்கிறார்களா? அழும் குழந்தைக்கு என்ன நடக்கிறது? சுவரில் ஒட்டியிருக்கும் படங்கள் ஒவ்வொன்றும் வேறுவேறாக, கோணல்மாணலாக இருக்கின்றனவா, ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கின்றனவா? ஆசிரியைகள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று தயங்காமல் கேட்கலாம். ஆண்டுதோறும் ஆள் மாறும் பள்ளியில் குழந்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்கிறது.

எழுத்தைப் பற்றிச் சிறிதே சொன்னால் போதும். ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் நியூசிலாந்தில் ஒப்பிட்ட ஆய்வாளர் செபாஸ்டியன் சகேட், பதினோரு வயதளவில் வாசிப்புத் திறனில் வேறுபாடு மறைந்துவிட்டதைக் கண்டார். மூன்று வயதில் பென்சில் பிடிக்காததால் எதுவும் இழந்துபோவதில்லை. கதை கேட்பதும், களிமண் பிசைவதும், வரிசைக்குக் காத்திருப்பதும் அந்த வயதின் பாடங்கள்.

முதல் சில மாதங்கள்

சேர்ந்த சில வாரங்களில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும்; பல பெற்றோர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். அமெரிக்காவின் டூசான் நகரில் பிறப்பிலிருந்து குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், பெரிய குழுக் காப்பகங்களில் இருந்தவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாகவும், ஆறிலிருந்து பதினொன்று வயது வரை மற்றவர்களைவிடக் குறைவாகவும் வந்தது. பதின்மூன்று வயதில் வேறுபாடு இல்லை. எப்படியும் பட வேண்டிய கிருமிகள் முன்கூட்டியே படுகின்றன. ஆனால் காய்ச்சலில் நான்கு நாள் வீட்டில் இருந்த குழந்தை திரும்பிப் போகும்போது அழுகை மீண்டும் தொடங்கும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஓரிரு நாள் நேரத்தைக் குறைத்துக்கொண்டால் அது விரைவில் அடங்கும்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் குழந்தை பள்ளியில் எதையும் தொடாமல் இருந்தால், உண்ண மறுத்தால், ஆசிரியை தூக்கும்போது உடலை விறைத்துக்கொண்டால், வீட்டில் தூக்கம் கெட்டு எடை குறைந்தால், அது காத்திருந்தால் தானாகச் சரியாகும் நிலை இல்லை. ஆசிரியையோடு உட்கார்ந்து பேசி நேரத்தைக் குறைப்பது, வேறு ஆசிரியையிடம் பழக்குவது, தேவையானால் சில மாதம் தள்ளிப்போடுவது ஆகியவற்றில் ஒன்றைச் செய்ய வேண்டும். திரும்ப அழைத்துக்கொள்வது தோல்வி என்று எண்ணியே பல பெற்றோர் குழந்தையைத் தேவைக்கு மேல் வருந்தவிடுகிறார்கள்.

பகல் முழுவதும் சிரித்து விளையாடியதாக ஆசிரியை சொல்லும் குழந்தை, மாலையில் தாயைக் கண்டதும் உடைந்து அழுவது பெற்றோரைக் குழப்பும் இன்னொரு காட்சி. ஆசிரியை பொய் சொல்கிறாரோ என்று ஐயம் எழும். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். காலையிலிருந்து வரிசையில் நின்றும், பொம்மையை விட்டுக்கொடுத்தும், தெரியாத சத்தங்களுக்கு நடுவே தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டும் இருந்த குழந்தை, விட்டுவிடத் தகுந்த இடம் வந்ததும் விட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் இன்று என்ன படித்தாய், யாரோடு விளையாடினாய், ஏன் அழுகிறாய் என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் இருக்காது. தூக்கிக்கொண்டு, பேசாமல், மெதுவாக நடந்தால் தெருமுனை வருவதற்குள் அது தலையைத் தோளில் சாய்த்துவிடும். இரவில் குளிக்கும்போதோ தூங்கப் போகும்போதோ, யாரும் கேட்காமலே, பள்ளியில் ஒரு பையன் தண்ணீரைக் கொட்டிய கதையை ஆசிரியையின் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கும்.